ஆ-வை விட்டு ஓடிய ஆடு: தன்னைத் தானே கிண்டல் செய்யும் படப்புத்தகங்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தருமபுரிக்காரன். சுவர் விளம்பரம் எழுதிப் பிழைத்தவன். ஃபிளெக்ஸ் வந்து அந்தத் தொழிலைச் சுருட்டிக்கொண்டு போனபின், பள்ளிக்கூடச் சுவர்களுக்கு மாறினேன். அ அம்மா, ஆ ஆடு, இ இலை. எத்தனை சுவரில் அந்த ஆட்டை வரைந்திருப்பேன் என்று கணக்கே இல்லை. ஒரு நாள் மத்தியானம், வெயிலில் ஏணி மேல் நின்று ஆட்டுக்குத் தாடி வைத்துக்கொண்டிருந்தபோது, இந்த ஆட்டுக்கு அலுக்காதா என்று தோன்றியது. பக்கத்துக் கட்டத்திலேயே இலை இருக்கிறது. எத்தனை வருடமாகப் பார்த்துக்கொண்டே நிற்கிறது!

அந்த நினைப்பிலிருந்து வந்ததுதான் என் ஆட்டுப் புத்தகம். இப்போது சனிக்கிழமைகளில் பென்னாகரம் பக்கம் ஒரு கிராமத்தில் ஒரு டிரங்குப் பெட்டிப் புத்தகங்களோடு பிள்ளைகளிடம் உட்காருகிறேன். அங்கே வரும் ஆசிரியர்களும் அம்மாக்களும், வரைய ஆசைப்படும் சில இளைஞர்களும் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதி வைக்கிறேன். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி வாய் வலிக்கிறது.

தன்னைப் பற்றியே பேசும் படப்புத்தகம் என்றால் என்ன?

தான் ஒரு புத்தகம் என்பது தெரிந்த புத்தகம். சாதாரணக் கதையில் ஆடு காட்டில் இருக்கும். இந்த வகையில் ஆடு தாளில் இருக்கும். அது ஆட்டுக்கும் தெரியும். பக்கத்தின் ஓரத்தைக் கடிக்கும், எழுத்தின் மேல் ஏறி உட்காரும், ‘திருப்பாதே’ என்று நம்மிடம் கெஞ்சும், வரைந்தவரைத் திட்டும். பெரியவர்களின் இலக்கியத்தில் இதற்கு மீபுனைவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் எழுந்து போய்விடுவார்கள்.

என் ஆட்டுப் புத்தகத்தில் என்னதான் நடக்கிறது?

இதை யாரும் அடிக்கடி கேட்பதில்லை, நானேதான் நுழைத்துக்கொண்டேன். கீழே பல பதில்களில் அந்த ஆடு வந்து போவதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சுவரில் இருப்பது போன்ற உயிரெழுத்துக் கட்டங்கள். ‘ஆ – ஆடு’ கட்டத்திலிருந்து ஆடு கழுத்தை நீட்டி, ‘இ – இலை’ கட்டத்தில் இருக்கும் இலையைத் தின்றுவிடுகிறது. இ-க்குப் படம் போயிற்று. இ அழுகிறது. ஆடு அங்கிருந்து நழுவி, ஏ-யின் ஏணியில் ஏறி, ஓ-வின் ஓடத்தைப் பிடித்துத் தப்பிக்கிறது. இங்கே ஆ கட்டம் காலி. ஆமை, ஆந்தை, ஆணி மூன்றும் வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கின்றன. ஆமை இன்னும் வந்து சேரவில்லை. ஔ-வில் தடியோடு நிற்கும் ஔவையார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதியமான் ஆண்ட தகடூர்தானே எங்கள் தருமபுரி? அதனால் எங்கள் ஊர் ஔவை கையில் ஒரு நெல்லிக்கனியும் வைத்திருக்கிறார். அதைக் காட்டித்தான் ஆட்டைத் திரும்பக் கூப்பிடுகிறார்.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்குதானே? நம் பிள்ளைகளுக்கு ஒட்டுமா?

இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் கோபம் வரும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் கூத்துப் பார்த்து வளர்கிறவர்கள். இரண்டு பேர் திரை பிடிக்கிறார்கள். திரைக்குப் பின்னால் ராஜா. முன்னால் கட்டியங்காரன் நின்றுகொண்டு, ‘யாரய்யா நீர், எந்த ஊரு?’ என்று ராஜாவையே விசாரிக்கிறான். ராஜாவும் தான் யார், இன்ன நாட்டை ஆள்கிறவன் என்று தன் கதையைத் தானே பாடிக்கொண்டு வெளியே வருகிறார். கட்டியங்காரன் அடுத்த நொடி நம்மைத் திரும்பிப் பார்த்து, உள்ளூர் பஸ் வராததைப் பற்றி ஒரு நக்கல் விடுவான். ஒரு கால் கதைக்குள், ஒரு கால் நம் பாயில். படப்புத்தகத்தில் வாசகனோடு பேசும் பாத்திரம் செய்வதும் இதே வேலைதான்.

துரியோதனன் சாகும் படுகளத்தன்று பாருங்கள். மண்ணால் செய்த பிரமாண்டமான துரியோதனன் தரையில் படுத்திருப்பான். வேடம் கட்டிய துரியோதனன் அந்த மண் உடம்பின் மேலேயே ஏறி ஓடுவான், பீமன் துரத்துவான். ஒரே ஆள், ஒரே நேரத்தில், மண்ணாகவும் மனுஷனாகவும். அப்பா தோளில் உட்கார்ந்திருக்கும் 4 வயதுப் பிள்ளை இதைப் பார்த்துக் குழம்புவதில்லை. அப்படிப்பட்ட பிள்ளைக்குத் தாளை விட்டு ஓடும் ஆடு புரியாதா?

பாட்டி சொன்ன ஈ கதையையும் நினைத்துப் பாருங்கள். வீடு மெழுகிக்கொண்டிருந்த ஈ தன் பெயரை மறந்துவிட்டது. ‘கொழுகொழு கன்றே, கன்றின் தாயே’ என்று ஆரம்பித்து மேய்ப்பவனையும் கோலையும் மரத்தையும் கொக்கையும் குளத்தையும் மீனையும் கேட்டுக்கொண்டே போய், கடைசியில் குதிரையிடம் கேட்கிறது. குதிரை சிரிக்கிறது: ஈஈஈ! விடை கதைக்குள் எங்கேயும் இல்லை, கதை சொல்லுகிற வாயின் சத்தத்தில் இருக்கிறது. கதை தன்னையே திரும்பிப் பார்க்கிற இடம் அது.

பெரியவர்களுக்கு ஒன்று: அத்யாத்ம ராமாயணத்தில், காட்டுக்கு வரவேண்டாம் என்று ராமன் சொன்னதும் சீதை கேட்கிறாள். எத்தனையோ ராமாயணம் கேட்டிருக்கிறோம், எதிலாவது சீதை இல்லாமல் ராமன் காட்டுக்குப் போனதுண்டா என்று. தான் ஒரு கதையில் இருக்கிறோம் என்று தெரிந்த பாத்திரம் இதைவிட அழகாக வாதாடி நான் பார்த்ததில்லை.

சரி, அச்சுப் புத்தகத்தில் இதை முதலில் துணிந்து செய்தவர்கள் யார்?

முழு வரலாறு இங்கே அடங்காது. எனக்குப் பிடித்த சிலதைச் சொல்கிறேன். 1908-இல் அமெரிக்கரான பீட்டர் நியூவெல், ‘த ஹோல் புக்’ என்று ஒன்று போட்டார். ஒரு பையன் விளையாட்டாகத் துப்பாக்கியைச் சுட்டுவிடுகிறான். குண்டு ஒவ்வொரு பக்கமாகத் துளைத்துக்கொண்டு போகிறது. படத்தில் மட்டுமில்லை, தாளிலேயே நிஜ ஓட்டை. கடைசியில் ஒரு கெட்டியான கேக்தான் அந்தக் குண்டை நிறுத்துகிறது. 2 வருடம் கழித்து அதே ஆள், புத்தகத்தையே சாய்வாக வெட்டி, ஒரு குழந்தை வண்டி பள்ளத்தில் உருண்டு ஓடுவதாகப் போட்டார். அச்சகத்தில் யார் யார் தலையில் அடித்துக்கொண்டார்களோ!

1971-இல் வந்த ஒரு புத்தகத்தில் ‘செசமி ஸ்ட்ரீட்’ என்ற அமெரிக்க டிவி நிகழ்ச்சியின் பொம்மையான குரோவர், கடைசிப் பக்கத்தில் ஒரு பூதம் இருக்கிறது, திருப்பாதே என்று கெஞ்சும். பக்கங்களைக் கயிற்றால் கட்டும், பலகை அடிக்கும், செங்கல் சுவர் எழுப்பும். கடைசிப் பக்கத்தில் இருக்கிற பூதம் குரோவரேதான். 2001-இல் டேவிட் வீஸ்னர் மூன்று பன்றிக்குட்டி கதையை எடுத்து, ஓநாய் ஊதுகிற ஊதலில் பன்றி படத்துக்கு வெளியே போய் விழுவதாக வரைந்தார். பன்றிகள் கதைப் பக்கத்தையே மடித்து ராக்கெட் செய்து பறக்கின்றன. அடுத்த வருடம் அதற்கு அமெரிக்காவின் கால்டெகாட் பதக்கம் கிடைத்தது. பிரான்சின் எர்வே துயே 2010-இல் போட்ட புத்தகத்தில் கதையே இல்லை. ஒரு மஞ்சள் பொட்டு, ‘அமுக்கு’ என்று ஒரு வரி. பக்கத்தைத் திருப்பினால் பொட்டு இரண்டாகியிருக்கும். பேட்டரி எதுவும் கிடையாது, பிள்ளையின் விரலும் ஒரு தாளும்தான்.

இவர்கள் எல்லாரும் புத்தகம் என்ற பொருளைத் தொட்டுப் பார்த்தவர்கள். தாள், ஓட்டை, மடிப்பு, ஓரம், திருப்புவது. வேடிக்கை அங்கேயிருந்துதான் வருகிறது. வெறும் வசனத்தில் ‘நான் ஒரு கதாபாத்திரம்’ என்று சொல்லவைத்தால் வேடிக்கை வராது.

எத்தனை வயதுக்கு இது சரிப்படும்?

மூன்று வயதுக்குப் பொட்டை அமுக்குகிற மாதிரி விளையாட்டு போதும். ‘எங்கே பாப்பா? இதோ பாப்பா!’ என்று முந்தானையால் முகத்தை மூடித் திறக்கிறோமே, பக்கம் திருப்புவதும் அதேதான். நாலு வயது வாக்கில் ‘எனக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியாது’ என்பது பிள்ளைக்குப் பிடிபட ஆரம்பிக்கிறது. அப்போதுதான் சிரிப்பு சூடு பிடிக்கும். படத்தில் இருக்கும் ஆட்டுக்குத் தெரியாத ஒன்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். ‘டேய், பின்னாடி பாரு!’ என்று அது கத்த வேண்டும். ஆறு, ஏழு வயதில் புத்தகத்தையே ஏமாற்றப் பார்ப்பார்கள். திருப்பாதே என்றால் இரண்டு பக்கம் சேர்த்துத் திருப்புவார்கள்.

எழுத்தே தெரியாத பிள்ளையை இது குழப்பாதா? ‘ஆ’-வுக்கு ஆடு இல்லையென்றால் எப்படி?

ஒரு ஆசிரியை என்னிடம் ரொம்பவே கறாராகக் கேட்டது இது. அவர் கேட்டது நியாயம்தான். விதி தெரிந்தவனுக்குத்தான் விதி உடைவது வேடிக்கை. ஜூன் மாதம் பள்ளியில் சேர்ந்த பிள்ளைக்கு இந்தப் புத்தகத்தைக் காட்டாதீர்கள். அது ஆட்டை ஏணியோடு சேர்த்துப் படித்துக்கொள்ளும். பொங்கல் கழியட்டும். அட்டையைப் பார்க்காமலே அ அம்மா சொல்லும் நிலை வந்தபின் காட்டுங்கள். எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் தொடங்கியதிலிருந்து சின்ன வகுப்புகளில் எழுத்து அட்டைக்கும் படத்துக்கும் பஞ்சமில்லை. முதலில் அந்த அட்டை, அப்புறம் அட்டையை விட்டு ஓடும் ஆடு.

அந்த ஆசிரியையே பிறகு ஒன்று கண்டுபிடித்தார். ஆ காலியாகிறதே, அங்கே யாரை வைக்கலாம் என்று கேட்டதும் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ‘ஆறு, ஆலமரம், ஆட்டோ, ஆதார் கார்டு’ என்று அடுக்கினார்களாம். ஆதார் கார்டுக்கு நான் இன்னும் படம் வரையவில்லை.

படம் வரைபவர் இதில் கூடுதலாக என்ன செய்ய வேண்டும்?

எழுத்து ஒன்றைச் சொல்லும்போது படம் வேறொன்றைக் காட்ட வேண்டும். ‘ஆடு சமத்தாக நின்றது’ என்று எழுதியிருக்கும். படத்தில் ஆட்டின் வாயோரம் ஒரு இலைக்காம்பு தொங்கும். எழுதியவர் பொய் சொல்கிறார், வரைந்தவர் காட்டிக்கொடுக்கிறார். படிக்கத் தெரியாத பிள்ளை படத்தைப் பார்த்துக்கொண்டு, படிக்கத் தெரிந்த அம்மாவைத் திருத்தும். ‘இல்லம்மா, தின்னுடுச்சு!’ வீட்டில் அந்தப் பிள்ளைக்கு அப்படி ஜெயிக்க வேறு வாய்ப்பு கிடைப்பதில்லை.

இதற்கு எழுத்தாளர் வாயை அடக்க வேண்டும். படத்தில் காம்பு தெரிகிறது என்றால், எழுத்திலும் ‘வாயில் காம்பு இருந்தது’ என்று போட்டுவிடக் கூடாது. இரண்டு பேரும் ஒரே ஆளாக இருந்தால் சண்டை குறைவு. எனக்கு அந்த வசதி உண்டு.

நடு மடிப்பைப் பற்றி எல்லாக் கூட்டத்திலும் சொல்கிறீர்களே, அது என்ன கதை?

என் முட்டாள்தனத்தின் கதை. முதல் மாதிரிப் புத்தகத்தில், இடப்பக்கம் ஆ கட்டம், வலப்பக்கம் இ கட்டம். ஆட்டின் உடம்பு இடப்பக்கம், தலை வலப்பக்கத்தில் இலையருகே. கழுத்தை நீளமாக, நடு மடிப்பைத் தாண்டி வரைந்திருந்தேன். நல்ல கழுத்து. ஒவ்வொரு மயிராக வைத்தது. கலர் ஜெராக்ஸ் எடுத்து, சைடு பின் அடித்துத் தரச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

சைடு பின் அடித்தால் ஒவ்வொரு பக்கத்திலும் உள்ஓரம் 1 சென்டிமீட்டராவது பின்னுக்குள் போய்விடும். அதற்கு மேல் புத்தகம் முழுசாக விரியவும் விரியாது. கழுத்து மொத்தமும் அதில் போயிற்று. இடப்பக்கம் தலையில்லாத ஆடு, வலப்பக்கம் உடம்பில்லாத தலை. கறிக்கடை மாதிரி இருந்தது.

வேறு வழியில்லாமல் சனிக்கிழமை அதையே எடுத்துக்கொண்டு போனேன். அந்தப் பக்கம் வந்ததும் சீக்கிரம் திருப்பிவிடலாம் என்று பார்த்தேன். முன்வரிசையில் ஒரு பையன் என் கையைப் பிடித்துக்கொண்டான். ‘அண்ணா, கழுத்து எங்க?’ நான் பதில் தேடுவதற்குள் பக்கத்தில் இருந்தவள், ‘மடிப்புல மாட்டிக்கிச்சுடா’ என்றாள். பையன் விரலை மடிப்புக்குள் விட்டுத் தடவினான். ‘ஆமாண்ணா, உள்ளதான் இருக்குது’ என்றான், நிஜமாகவே கைக்குக் கழுத்துத் தட்டுப்பட்ட மாதிரி.

அன்று ராத்திரியே எழுத்தை மாற்றினேன். இப்போது அந்தப் பக்கத்தில் ஆடு நம்மைப் பார்த்து, ‘யாராவது புத்தகத்தை நல்லா விரிச்சுப் பிடிங்களேன், கழுத்து வலிக்குது’ என்கிறது. அடுத்த வாரம் பிள்ளைகள் நாலு பேர் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். பின் தெறித்துப் புத்தகம் இரண்டாகப் போனது. ஆட்டுக்கு விடுதலை.

இதைக் கேள்விப்பட்ட அச்சகக்காரர் ஒருவர், சென்டர் பின் அடித்தால் நன்றாக விரியுமே என்று செய்து கொடுத்தார். கழுத்து முழுசாகத் தெரிந்தது. யாரும் சிரிக்கவில்லை. ‘விரிச்சுப் பிடிங்க’ என்று ஆடு சொன்னதும், ‘விரிஞ்சுதானே இருக்குது?’ என்று கேட்டுவிட்டு அடுத்த பக்கம் போனார்கள். திரும்பவும் சைடு பின்னுக்கே வந்தேன், இந்த முறை தெரிந்தே. முதுகில் துணி டேப் ஒட்டிவிடுகிறேன்.

தென்கொரியாவின் சூசி லீ இந்த நடு மடிப்பை வைத்தே புத்தகம் செய்திருக்கிறார். 2008-இல் வந்த அலை பற்றிய புத்தகத்தில் ஒரு பக்கம் சிறுமி, ஒரு பக்கம் கடல், மடிப்புதான் எல்லை. அலை அந்த எல்லையைத் தாண்டுகிறவரைக்கும் நமக்கு மூச்சு நின்றுவிடும். ஒரு சொல் கிடையாது. 2022-இல் ஓவியருக்கான ஆண்டர்சன் விருது அவருக்குக் கிடைத்தது. அவர் யோசித்துச் செய்ததை நான் டீ குடிக்கப் போய்ச் செய்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

எத்தனை பக்கம் வைக்கலாம்?

அச்சுக்குப் போவதென்றால் 16, 24, 32. ஒரு பெரிய தாளை மடித்தால் 8, 16 என்றுதான் பக்கம் விழும் என்பதால் இந்தக் கணக்கு. உலகம் முழுக்க 32 பக்கம்தான் அதிகம். சென்டர் பின் அடிக்கிற புத்தகம் என்றால் 4-இன் மடங்காக இருந்தாலே போதும்.

பக்கத்தைத் திருப்பாதே என்று புத்தகம் சொன்னால், நிஜமாகவே திருப்பாமல் உட்கார்ந்துவிடும் பிள்ளையை என்ன செய்வது?

அப்படி ஒரு பெண் இருந்தாள். எதற்கும் பேசமாட்டாள், சொன்னதை அப்படியே செய்வாள். ‘தயவுசெஞ்சு திருப்பாதீங்க, அடுத்த பக்கத்துல ஔவையார் பாட்டி தடியோட நிக்கிறாங்க’ என்று ஆடு கெஞ்சும் இடத்தில் புத்தகத்தை மூடி என்னிடம் கொடுத்துவிட்டாள். மற்ற பிள்ளைகள் எல்லாம் திருப்பு திருப்பு என்று கூச்சல்.

நான் எதுவும் சொல்லவில்லை. அவள் செய்ததும் ஒரு படிப்புதான். ஆடு கேட்டது, அவள் கொடுத்தாள். அடுத்த வாரமும் அதே இடத்தில் மூடினாள். மூன்றாவது வாரம் ஓரத்தை மட்டும் கொஞ்சம் தூக்கிக் குனிந்து பார்த்துவிட்டு, ‘பாட்டி அடிக்கல’ என்று ஆட்டிடம் சொன்னாள். என்னிடமில்லை, ஆட்டிடம்.

சொன்னதைக் கேட்க வேண்டும் என்றே பழகிய பிள்ளைகளுக்கு, சொன்னதை மீறினால் வேடிக்கை நடக்கும் ஒரு இடம் வேண்டியிருக்கிறது. ஆனால் மீறச் சொல்லி நாம் அதட்டினால் அதுவும் இன்னொரு உத்தரவாகிவிடும். பொறுத்திருங்கள். பயமுறுத்தும் சங்கதியை மட்டும் சின்ன வயதுக்கு வைக்காதீர்கள். திருப்பியதும் வருவது எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக, சிரிப்பாக இருக்க வேண்டும்.

எங்கள் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கு, கன்னடம் பேசுகிறவர்கள். சொல் விளையாட்டு புரியுமா?

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருந்து அடிக்கடி வரும் கேள்வி. என் அனுபவத்தில் அவர்களுக்குத்தான் முதலில் புரிகிறது. ஒரு பொருளுக்கு இரண்டு பெயர் இருப்பது வீட்டிலேயே தெரிந்த விஷயம் அவர்களுக்கு.

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு பள்ளியில் ஆட்டுப் புத்தகம் படித்தேன். தெலுங்கு பேசும் சிறுமி ஒருத்தி எழுந்து, ‘இது ஆ-வே இல்லண்ணா’ என்றாள். ஏன் என்றேன். ‘எங்க வீட்ல மேக்கன்னு சொல்வோம். அதான் அது மே மேன்னு தன் பேரைச் சொல்லுது. நீங்கதான் தப்பான கட்டத்துல போட்டுட்டீங்க.’ பாட்டியின் குதிரை ‘ஈ’ என்று கனைத்த மாதிரி இருந்தது எனக்கு. ஆடு ஓடிப்போனதற்கு அதைவிட நல்ல காரணம் கிடையாது. அடுத்த பதிப்பில், ஆடு ஓடத்தில் ஏறும்போது, ‘என் பேரு மே-வுல ஆரம்பிக்குதாமே, அங்க ஒரு கட்டம் காலியாம்’ என்று சொல்கிறது. கன்னடம் பேசும் பிள்ளைகள் மட்டும் ஆடு எங்களுக்கும் ஆடுதான் என்று சண்டைக்கு வருகிறார்கள். வரட்டும்.

நடுகல், பாறை ஓவியம் போன்ற நம் ஊர்ப் படங்களை இப்படி உயிரூட்டலாமா?

ஆசையான யோசனைதான், ஆனால் இடம் பார்த்து. நம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் நடுகற்கள் நிறைய. தருமபுரி அருங்காட்சியகத்திலேயே வரிசையாகப் பார்க்கலாம். கையில் வாளோடு, காலடியில் மாடுகளோடு நிற்கும் வீரனைப் பார்த்தால் கீழே இறங்கி வந்து பேச வைக்கலாம் என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் பல ஊர்களில் அந்தக் கல் வேடியப்பன். பொங்கல் வைத்துக் கும்பிடுகிற சாமி. செத்துப்போன ஒருவனின் நினைவு அது. அவனை வைத்துக் கோமாளித்தனம் செய்ய எனக்கு மனசு வரவில்லை.

பாறை ஓவியம் தோதாக இருக்கும். கிருஷ்ணகிரி மாவட்டம் மல்லப்பாடியில் வெள்ளை நிறத்தில் வரைந்த குதிரை வீரர்கள் எதிரெதிராக நிற்கிறார்கள். எத்தனை காலமாக நிற்கிறார்களோ! ‘நீ முதல்ல அடி’, ‘இல்ல நீ அடி’, ‘குதிரைக்குக் கால் மரத்துப்போச்சு’ என்று ஒரு 8 பக்கம் போட்டுப் பாருங்கள். வெள்ளை ஒரே நிறம் என்பதால் கறுப்பு சார்ட்டில் சாக்பீஸ் வைத்தே வரையலாம். பாறையில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது. பிள்ளைகளைக் கூட்டிப்போகும் ஆசிரியர்கள் இதை மூன்று முறை சொல்லுங்கள்.

முப்பது பிள்ளைகளுக்கு ஒரே புத்தகத்தை வைத்து எப்படிப் படிப்பது?

புத்தகத்தை மடியில் வைத்துப் படித்துவிட்டுப் பிறகு திருப்பிக் காட்டாதீர்கள். நெஞ்சுக்குப் பக்கவாட்டில், பிள்ளைகளைப் பார்த்தபடி பிடியுங்கள். வரிகளை முன்னாலேயே மனசில் ஏற்றிக்கொள்ளுங்கள். புத்தகம் நேராகப் பேசும் வரி வரும்போது உங்கள் குரல் வேண்டாம், கட்டியங்காரன் குரல் வேண்டும். கொஞ்சம் மூக்கால் பேசினால்கூடப் போதும். அப்புறம், திருப்புகிற உரிமையை உங்களிடம் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பிள்ளை எழுந்து வரட்டும். யார் வருவது என்பதில் சண்டை வரும். அதற்கு வழி எனக்கு இன்னும் தெரியவில்லை.

போனில் படித்தால் போதாதா?

படிக்கலாம். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படப்புத்தகங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. இறக்கி அச்செடுத்து வகுப்பில் தொங்கவிடவும் அனுமதி உண்டு. நானும் அங்கிருந்து எடுக்கிறேன். ஆனால் இந்தப் பக்கத்தில் பேசிக்கொண்டிருக்கும் விளையாட்டு வேறு. போனில் மடிப்பு இல்லை, முதுகு இல்லை, ஓட்டைக்குள் விரல் போகாது. ஆடு கழுத்து வலிக்கிறது என்றால் இழுக்க எதுவும் இல்லை.

எப்போது இந்த உத்தி சொதப்பும்?

வரைகிறவர் தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட ஆரம்பிக்கும்போது. படத்துக்குள் ஓவியர் கை, கைக்குள் தூரிகை, தூரிகை முனையில் இன்னொரு ஓவியர் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். பெரியவர்கள் ‘ஆகா’ என்பார்கள். பிள்ளை ஜன்னலைப் பார்க்கும். இன்னொன்று, கதை இல்லாமல் வெறும் வேடிக்கை. ஆடு ஏன் ஓடுகிறது? பசி. அது எல்லாருக்கும் புரிகிற காரணம். அந்தப் பசி இல்லாமல் ஆடு தாளைத் தாண்டினால் ஒருமுறை சிரிப்பார்கள், இரண்டாம் முறை கேட்கமாட்டார்கள். ‘இன்னொரு வாட்டி’ என்று பிள்ளை கேட்கிறதா என்பதைத் தவிர வேறு பரீட்சை இதற்கு எனக்குத் தெரியாது.

வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு வழி சொல்லுங்கள்.

ஒரு ஏ4 தாள், ஒரு கத்தரிக்கோல். தாளை நீளவாட்டில் ஒரு மடிப்பும் குறுக்கே மூன்று மடிப்பும் விழும்படி மடித்துப் பிரியுங்கள். மேலே 4, கீழே 4 என்று எட்டுக் கட்டம் வரும். நீளவாட்டில் ஓடும் நடுக்கோட்டில், நடுவிலுள்ள இரண்டு கட்டங்களின் நீளத்துக்கு மட்டும் வெட்டுங்கள். இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு கட்டம் ஒட்டியபடியே இருக்க வேண்டும். இப்போது நீளவாட்டில் இரண்டாக மடித்து, இரு முனையையும் உள்நோக்கித் தள்ளினால், வெட்டிய இடம் வாயைத் திறந்து கூட்டல் குறி மாதிரி நிற்கும். அப்படியே சுற்றி அமுக்கினால் அட்டையோடு சேர்த்து 8 பக்கப் புத்தகம். பின்னும் வேண்டாம், பசையும் வேண்டாம்.

பிள்ளைக்கு ஒரே ஒரு நிபந்தனை போடுங்கள்: உள்ளே இருக்கிறவர் வெளியே வரப் பார்க்க வேண்டும். யார், ஏன், எப்படி என்பதெல்லாம் அவர்கள் பாடு. எங்கள் கூட்டத்தில் ஒருவன் எலி வரைந்தான். எலிக்காக எல்லாப் பக்கத்திலும் நிஜமாகவே ஓட்டை போட்டான். பின்னட்டையில் எலி இல்லை. எங்கேடா என்றால் என் சட்டைப் பையைக் காட்டினான். உள்ளே கத்தரித்த ஒரு துண்டுத் தாள், அதில் வால் மட்டும் இருந்தது. எப்போது போட்டான் என்று தெரியவில்லை.

ஆட்டுப் புத்தகம் எங்கே கிடைக்கும்?

விற்பனைக்கு இல்லை. இப்போதைக்கு மூன்று பிரதிகள். ஒன்று டிரங்குப் பெட்டியில், முதுகில் டேப்போடு. ஒன்றை அந்தத் தெலுங்குச் சிறுமியின் பள்ளிக்குக் கொடுத்துவிட்டேன். மூன்றாவதை ‘பாட்டி அடிக்கல’ என்றவள் வீட்டுக்கு எடுத்துப்போனாள். ஒரு மாதமாகிறது. கேட்டால், ஆடு இன்னும் வரவில்லை என்கிறாள்.